நியூசிலாந்தின் ஆஸ்துமா மரணங்களும் ஓர் இன்ஹேலரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இப்போது என் கையில் பிரம்பும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

நாம் பையில் வைத்துக்கொள்ளும் அளவான இன்ஹேலர் 1956இல்தான் வந்தது. அழுத்தினால் ஒரே அளவு மருந்து வெளிவரும். இழுத்த சில நிமிடங்களில் சுருங்கிய மூச்சுக்குழாய் விரியும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளில் ஆஸ்துமாவால் இறக்கும் இளைஞர்களின் எண்ணிக்கை திடீரென ஏறியது. நல்ல மருந்து வந்த பிறகு சாவு கூடுவானேன்? அந்த நாடுகளில் ஐசோப்ரினலின் என்ற மருந்து, வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வீரியத்தில் 'ஃபோர்ட்' என்ற பெயரில் விற்பனையானது. அமெரிக்காவில் அது விற்கப்படவில்லை, அங்கே இந்த ஏற்றமும் இல்லை. எச்சரிக்கை வந்து பயன்பாடு குறைந்ததும் சாவும் குறைந்தது. பாடம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1976இல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற புதிய இன்ஹேலர் வந்தது. ஏற்கெனவே இருந்த சால்புடமாலில் ஒரு இழுப்புக்கு 100 மைக்ரோகிராம். இதில் 200. அதே ஆண்டிலிருந்து ஆஸ்துமா மரணம் மீண்டும் ஏறத் தொடங்கி, 1979 வாக்கில் 5 முதல் 34 வயதுக்காரர்களிடையே ஏறக்குறைய மூன்று மடங்கானது. (அந்த வயதை ஏன் எடுக்கிறார்கள் என்றால், வயதானவர்களின் இறப்புச் சான்றிதழில் ஆஸ்துமாவும் மற்ற நுரையீரல் நோய்களும் குழம்பிவிடும். இளையவர்களிடம் அந்தக் குழப்பம் குறைவு.) அந்தச் சின்ன நாட்டின் மக்கள்தொகை அப்போது முப்பது லட்சம் சொச்சம்தான்.

1981 ஆகஸ்ட் முதல் 1983 ஜூலை வரை நாடு முழுக்க ஒவ்வொரு ஆஸ்துமா மரணத்தையும் விசாரித்தார்கள். நோயின் தீவிரத்தை நோயாளியும் உணரவில்லை, மருத்துவரும் உணரவில்லை, உதவி தேடத் தாமதமானது என்றெல்லாம் தெரியவந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குறைகள் மற்ற நாடுகளிலும் உண்டே, நியூசிலாந்தில் மட்டும் ஏன் இத்தனை சாவு?

வெலிங்டன் மருத்துவக் கல்லூரியில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி, கார்ல் பர்ஜஸ் ஆகியோர் இதைக் கையிலெடுத்தார்கள். இறந்தவர்கள் 117 பேர். அவர்களோடு ஒப்பிட, ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்ந்து உயிரோடு இருந்த 468 பேர், அதாவது ஒருவருக்கு நால்வர். யாருக்கு எந்த மருந்து எழுதப்பட்டிருந்தது என்று பார்த்தார்கள். ஃபெனோடெரால் எழுதப்பட்டவர்களுக்கு ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. 1989 ஏப்ரலில் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. வருவதற்கு முன்பே மருந்து நிறுவனமும் அது அமர்த்திய நிபுணர்களும் கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்ப்பில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது, அதை ஒதுக்கக் கூடாது. நோய் முற்றியவர்களுக்குத்தானே மருத்துவர் வீரியமான மருந்து கொடுப்பார்? அவர்கள் இறப்பது நோயால், பழி மருந்துக்கா?

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இங்கே நிறுத்தி யோசியுங்கள். நோயின் தீவிரம்தான் காரணம் என்றால், தீவிர நோயாளிகளை மட்டும் தனியாக எடுத்து அவர்களுக்குள்ளேயே ஒப்பிடும்போது வித்தியாசம் சுருங்க வேண்டும். அவர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் சுருங்கவில்லை, பல மடங்கு பெரிதானது. நான் வகுப்பில் நடத்திய எந்த நிகழ்தகவுக் கணக்கையும்விட அழகான வாதம் இது. பிறகு வேறு தரவுகளோடு செய்த இரண்டு ஆய்வுகளும் அதையே காட்டின.

1989லேயே அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே இளையோர் மரணம் ஏறக்குறைய பாதியானது, அதன்பின் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை.

இதோடு விட்டிருந்தால் ஒரு கெட்ட மருந்தின் கதையாக முடிந்திருக்கும். ஆனால் அதே நாட்டில் 1990இல் டுனெடின் நகரத்து ஆய்வு ஒன்று வேறு கோணம் காட்டியது. ஒரே நோயாளிகளுக்கு இந்த இன்ஹேலரைச் சில மாதம் தினமும் தவறாமலும், சில மாதம் தேவைப்பட்டால் மட்டும் என்றும் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரிந்த 57 பேரில் 40 பேர், தேவைக்கு மட்டும் இழுத்த காலத்தில்தான் நன்றாக இருந்தார்கள். காரணம் எளிது. ஆஸ்துமாவில் குழாய் சுருங்குவது மேலே தெரிவது. உள்ளே ஒவ்வாமையால் வீக்கமும் சளியும் இருக்கின்றன. விரிக்கும் மருந்து அந்த வீக்கத்தைத் தொடுவதில்லை. மூச்சு லேசானதும் ஆள் நிம்மதியாகிவிடுகிறார், வீக்கம் உள்ளே வளர்கிறது.

வீக்கத்தைக் குறைப்பது இழுக்கும் ஸ்டீராய்டு. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பாதிப் பேர் பயப்படுகிறார்கள். "இன்ஹேலர் பழகிடும் சார்" என்று பெற்றோர்கள் என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் பதிவேடுகளை வைத்து 2000இல் வெளியான ஆய்வு, முந்தைய ஓராண்டில் வாங்கிய ஒவ்வொரு கூடுதல் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் ஆபத்து 21 சதவீதம் குறைவதாகக் கண்டது. பிரிட்டனில் 2014இல் வந்த ஆய்வறிக்கை மறுபக்கத்தைக் காட்டியது. விரிக்கும் இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்று தெரிந்த 165 பேரில் 39 சதவீதம் பேர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கும் மேல்!

இதைப் படித்துவிட்டு யாரும் கையில் இருக்கும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று மூச்சு முட்டும்போது அது உயிர் காக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் விரிக்கும் இன்ஹேலர் மட்டும் இருந்து, அதுவும் அடிக்கடி தீர்ந்துபோனால், அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போய் "வீக்கத்துக்கு மருந்து வேண்டாமா?" என்று கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

2019 மே மாதம் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. லேசான ஆஸ்துமா உள்ள 668 பேர், நான்கு நாடுகள். ஒரு குழுவுக்குத் தேவைப்படும்போது வெறும் சால்புடமால். இன்னொரு குழுவுக்குத் தேவைப்படும்போது பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர். இரண்டாவது குழுவில் நோய் முற்றிய தருணங்கள் ஏறக்குறைய பாதிதான். அதற்கு முந்தைய மாதமே, ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அறிவித்திருந்தது. அந்த 668 பேர் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் ரிச்சர்ட் பீஸ்லி. ஆம், முப்பது ஆண்டுகளுக்கு முன் வெலிங்டனில் இறந்தவர்களின் கோப்புகளைப் புரட்டியவர்களில் ஒருவர்.