அல்சூர் ஏரியும் கைவிளக்கேந்திய காரிகையும்

அக்கா பொண்ணு இங்கே பெங்களூரில்தான் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள். மே 12 செவிலியர் தினத்துக்குக் காலேஜில் பேச்சுப் போட்டியாம். இரண்டு தலைப்பு: 'ப்ளானெட்டரி ஹெல்த்', 'செவிலியர் நலம்'. ஹாஸ்டலிலிருந்து போன். "மாமா, மரம் நடுறதுக்கும் ஊசி போடுறதுக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாமா எங்க வேலை?"

நமக்கு சாஃப்ட்வேர் தவிர வேறொன்றும் தெரியாது (அதுவும் சந்தேகம்தான் என்பார் மேனேஜர்). ஆனால் கண்டோன்மென்ட் பழங்கதை என்றால் சும்மா இருக்க முடியுமா?

1809-ல் வெள்ளைக்காரன் தன் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினான். அங்கே காய்ச்சலில் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தது ஒரு முக்கியக் காரணம். பட்டாளத்தின் பின்னாலேயே மதராஸ் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், கான்ட்ராக்ட் எடுத்த முதலியார்கள். இன்றைக்கும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழிலேயே பேரம் பேசிக் கத்தரிக்காய் வாங்குகிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான்.

ஐம்பது வருஷம் கழித்து, 1859-ல், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்தின் சுகாதாரத்தை ஆராய லண்டனில் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். பெண் என்பதால் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் பின்னால் இருந்து இழுத்ததெல்லாம் அவர்தான். ஒவ்வொரு ராணுவ முகாமுக்கும் கேள்வித்தாள் போனது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? பெங்களூரிலிருந்து வந்த பதில் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. குடிக்கும் தண்ணீரும் அல்சூர் ஏரி; கடைத்தெருச் சாக்கடையும் குதிரைப்படைக் கொட்டடிகளின் கழிவும் போய்ச் சேருவதும் அதே அல்சூர் ஏரி!

அந்தக் கடைத்தெருவில் இருந்தவர்களில் நம் முப்பாட்டன்மாரும் உண்டு என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வருஷத்துக்கு ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் கமிஷன் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் குண்டடியால் அல்ல. காய்ச்சல், பேதி, காலரா. இந்தியாவில் காலே வைக்காத அம்மணி வந்த பதில்களையெல்லாம் படித்து, முகாம் முகாமாகக் கிழித்து எழுதினார். பத்து வருஷத்தில் அந்த 69, 18 ஆகக் குறைந்தது என்பது அவரே பின்னால் எழுதிய கணக்கு.

அவர் எழுதிய நர்சிங் கையேட்டில் நல்ல வீட்டுக்கு வேண்டியவை ஐந்து: நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஒழுங்கான சாக்கடை, சுத்தம், வெளிச்சம். இதில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. 'ப்ளானெட்டரி ஹெல்த்' என்ற பெயரை 2015-ல் லான்செட் கமிஷன் அறிக்கை பிரபலமாக்கியது. பெயர்தான் புதுசு.

அப்புறம் 1882-ல் கண்டோன்மென்ட் தண்ணீருக்காக சாங்கி ஏரி. 1896-ல், சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது, ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர். இரண்டே வருஷத்தில் பிளேக் வந்து ஊரையே காலி செய்தது, அது தனிக்கதை. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அல்சூர் ஏரி? 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. 153 வருஷம் கழித்தும் அதே சாக்கடைப் பேச்சு.

இரண்டாவது தலைப்புக்கும் இதே அம்மணிதான். 1855 மே மாதம் கிரிமியாவில் அவருக்குக் கடும் காய்ச்சல். வயது 35. புருசெல்லோசிஸாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். அதன்பிறகு பல வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். இந்தியா வேலை முழுக்கப் படுத்தபடியே செய்தது. நோயாளியைப் பார்க்கப் போனவரே நோயாளியானதைப் பள்ளிக்கூடப் புத்தகம் நமக்குச் சொல்லவில்லை, விளக்கை மட்டும் காட்டியது.

போன வருஷம் இவள் காலேஜில் நைட் ட்யூட்டி முடித்து வந்த பெண்களை உட்காரவைத்து, 'மன அழுத்தத்தைத் தவிர்ப்பது எப்படி' என்று இரண்டு மணிநேரம் கிளாஸ் எடுத்தார்களாம். தூங்க விட்டிருந்தாலே பாதி அழுத்தம் போயிருக்கும்!

நைட்டிங்கேலுக்கு அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்துவந்தார். அதனால் படுத்தபடி வேலை பார்க்க முடிந்தது. திருநெல்வேலியிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் படிப்புக் கடனோடு இந்த ஊருக்கு வந்து வார்டில் நிற்கிற பெண்ணுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தால் முதலில் வருகிற கவலை அந்த மாசத்துத் தவணை.