நாட்டுக்கோட்டை நகரத்தார் கடன்வலை: நம்பிக்கையின் வலிமையும் எல்லையும்

தென்கிழக்காசியத் தமிழர் வரலாற்றில் தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. வணிக நிறுவனங்கள் தமக்குள் எவ்வாறு முதல் வழங்கிக் கொண்டன என்னும் வினாவோ அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வினாவை நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாற்றின்வழி இங்கு ஆராய முற்படுகிறோம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பல நிறுவனங்கள் 'கிட்டங்கி' எனும் ஒரே கூடத்தில், தத்தம் பெட்டியடிகளுடன் அருகருகே இயங்கின. ஒருவரது கொடுக்கல் வாங்கலை மற்றவர் அறிந்திருந்தனர். பணமுடை உற்ற நிறுவனம் பிற நகரத்தார் நிறுவனங்களிடமிருந்து முதல் பெற்றது. நிறுவனங்களுக்கிடையிலான 'நடப்பு வட்டி' இரங்கூனில் மாதந்தோறும் நகரத்தார் கோயிலில் கூடி உறுதி செய்யப்பட்டது. ஓர் ஊரில் எழுதிய உண்டியல் கடல் கடந்த மற்றோர் ஊரில் பணமாயிற்று.

ஆகவே, யாரிடம் முதல் பெறுவது, யாருக்கு வழங்குவது என்னும் தேர்வு வட்டியை மட்டும் சார்ந்ததன்று. கோயில் உறவும், கொள்வினை கொடுப்பினையும், முந்தைய கணக்கின் நேர்மையும் அதனைத் தீர்மானித்தன. வாக்குத் தவறியவர் கடன் தந்த ஒருவரை மட்டுமன்றி, வலை முழுவதன் நம்பிக்கையையும் இழக்க நேரிட்டது. ஒரு நிறுவனம் தளர்ந்தால் ஏனையவை தாங்குதற்கும் இதுவே வழிவகுத்தது.

எல்லா நிறுவனங்களும் ஒருசேரத் தளர்ந்தால் நிலை யாது? பர்மா இதற்கு விடை தருகிறது. 1930 அளவில் அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன. அவை வழங்கிய கடனின் பெரும்பகுதி கீழ்ப்பர்மாவின் நெல் விளைச்சலை நம்பியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. உழவர்களால் கடனை அடைக்க இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் நிறுவனங்களின் கைக்கு வந்தன. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. நிலம் பெருகியது, புழங்கு முதலோ உறைந்து போயிற்று. பக்கத்துப் பெட்டியடியும் அதே நெல்லையே நம்பியிருந்தமையால், அங்கும் உதவி கிட்டுதல் அரிதாயிற்று.

நிறுவனங்களுக்கிடையே நிலவியது நாணயத்தின்பாற்பட்ட உறவு. உழவரோடு இருந்தது பெரிதும் அடைமானத்தின்பாற்பட்ட உறவு. வலை தளர்ந்தது இக்கடைசிக் கண்ணியில்தான் என நாம் கருதுகிறோம். 1942இல் சப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் 1948இல் இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டமும் எஞ்சியதையும் அகற்றின.

ஒருவரையொருவர் நம்புதல் தனித்த இழப்பைத் தாங்கவல்லது. அனைவரும் ஒரே விளைபொருளை நம்பியிருக்கும் இடத்து அந்நம்பிக்கை மட்டும் காப்பாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.