மனக்கோயிலும் மாதோட்டமும்

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மாதோட்டம் வரும். பண்டை நாளிலே மரக்கலங்கள் வந்து மொய்த்த துறைமுகம் அது. பாளி நூல்கள் மகாதித்த என்று கூறும் பட்டினமும் அதுவே. அங்கே பாலாவிக் கரையிலே, கௌரியம்பாள் உடனுறையக் கோயில் கொண்டிருப்பவர் திருக்கேதீச்சரநாதர். இத்தலம் எழுந்ததும் இடிந்ததும் மீண்டும் எழுந்ததுமாகிய வரலாற்றை நம் பெரியோர் பலர் எழுதியுள்ளனர். அவ்வரலாற்றினுள்ளே மெல்லென ஓடும் வேறோர் இழையை மட்டும் எடுத்துக்காட்டுவது எமது நோக்கம். கண்ணால் காணவியலாததை உள்ளத்தால் கண்டு, அக்காட்சியிலே மனத்தை நிறுத்தி அமைதி பெறும் சாதனைதான் அந்த இழை. மனம் அலைபாய்கிறதே என்று வருந்தும் இளைஞர்க்கு இதனைக்காட்டிலும் பயன் தரும் வரலாறு வேறுண்டோ?

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாண்டிநாட்டிலே சைவத்தை நிலைநாட்டியபின் இராமேச்சரத்தை வந்தடைந்தார். எதிரே கடல், கடலுக்கு அப்பால் ஈழம். அங்கிருந்தபடியே அவர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் போற்றிப் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் உரைக்கின்றது. எட்டாம் நூற்றாண்டிலே சுந்தரமூர்த்தி நாயனாரும் அவ்வாறே அக்கரையில் நின்று கேதீச்சரத்தைப் பாடினார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அகலமுடையது. கேதீச்சரமோ அதற்கும் அப்பால் உள்ளது. எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அது புலப்படாது. ஆயினும் அப்பதிகங்களை ஓதிப் பாருங்கள். மாதோட்டத்துப் பொழில்களும், வண்டின் ஒலியும், மயிலின் ஆட்டமும், மரக்கலம் நிறைந்த கடலும், பாலாவியின் கரையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. மனக்கண் திறந்தவர்க்குக் கடல் ஒரு தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உள்ளத்திலே ஒன்றைக் கட்டிக் காண்பது வெறுங்கனவு அன்று. அதற்கும் ஒழுங்கு உண்டு என்பதைத் தொண்டைநாட்டுத் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாறு காட்டுகின்றது. சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க அவர் விரும்பினார், பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்தினாலேயே பொருள் தேடினார், கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரைக் கூட்டினார், நல்ல நாளிலே அத்திவாரம் இட்டார். அடியிலிருந்து சிகரம்வரை ஒவ்வொரு வரிசையாக எழுப்பினார். கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இரவிலும் கண் துயிலாது இத்திருப்பணியைச் செய்தார் என்கிறார் சேக்கிழார் சுவாமிகள். காஞ்சியிலே பல்லவ மன்னன் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு வைத்த நாளும், பூசலார் வைத்த நாளும் ஒன்றாயின. இறைவன் மன்னன் கனவிலே தோன்றி, நாம் நாளை நின்றவூர் அன்பன் ஆலயத்துக்குச் செல்வோம், உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்றருளினான். மன்னன் நின்றவூர் வந்து கோயில் எங்கே என்று வினவ, அங்கே எவரும் கோயிலைக் கண்டிலர். இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பூசலார் ஒரே பாய்ச்சலில் சிகரத்தை நினைக்கவில்லை. கல்லின்மேல் கல்லாக நினைத்தார். சிதறி ஓடும் மனத்தை ஒன்றில் நிறுத்தும் உபாயம் அதுவே.

இவ்வுபாயத்தைச் சைவ ஆகமங்கள் அகப்பூசை என வகுத்துள்ளன. புறத்தே பூசை தொடங்குமுன், இருதயத்தைப் பூசைக்கும், நாபியை ஓமத்துக்கும், புருவமத்தியைத் தியானத்துக்கும் உரிய இடங்களாகக் கொண்டு உள்ளே வழிபடவேண்டும் என்பது விதி. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். அங்கே தாரணையும் தியானமும் ஆசனத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் பின்னரே வைக்கப்பட்டுள்ளன. உடல் அடங்க, மூச்சு அடங்க, அதன்பின் மனம் அடங்கும் என்பதே அவ்வரிசையின் பொருள்.

இது நம்மவர் மட்டுமே கண்ட வழி என்று செருக்கடைய இடமில்லை. ஐந்தாம் நூற்றாண்டிலே அனுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், களிமண்ணால் செய்த வட்டம் ஒன்றை உற்று நோக்கி, கண் மூடிய பின்னும் அவ்வட்டம் தெளிவாகத் தோன்றும்வரை பழகுமாறு பிக்குகளுக்குக் கற்பிக்கின்றது. 1548 ஆம் ஆண்டிலே அச்சேறிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நூல், செபத்தைத் தொடங்குமுன் வேத வரலாறு நிகழ்ந்த இடத்தை மனத்திலே அமைத்துக் காணச் சொல்கின்றது. மன்னாருக்குக் குருவானவரை அனுப்பிய சவேரியார் அவ்விஞ்ஞாசியாரின் தோழரே. சைவரும் கத்தோலிக்கரும் அயலவராக வாழும் எமது கரையிலே இதனை நினைப்பது நன்று. நெறிகள் வேறாயினும் மனித மனம் ஒன்றே. அதனை அடக்கும் உபாயமும் பெரிதும் ஒன்றே.

இனி மாதோட்டத்துக்கு மீள்வோம். 1560 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்திலே கேதீச்சரம் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழியாக வரும் செய்தி. அதன்பின் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் அங்கே காடே மண்டிக் கிடந்தது. கோயில் இல்லை, கொடி இல்லை, மணியோசை இல்லை. ஆனால் இரண்டு பதிகங்கள் இருந்தன! கல்லை இடிக்கலாம், நாவிலும் நெஞ்சிலும் நின்றதை இடிப்பார் யார்? 1872 ஆம் ஆண்டிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள், பாடல்பெற்ற தலமொன்று பாழாய்க் கிடப்பதைச் சைவ மக்களுக்கு நினைவூட்டித் திருப்பணிக்கு அறைகூவினார். அவர் கண்முன் கோயில் இல்லை, கருத்தில் இருந்தது. 1893 இல் சைவ மக்கள் அந்நிலத்தை விலைக்கு வாங்கினர். 1894 இல் அகழ்ந்தபோது பழைய மகாலிங்கம் மண்ணினின்றும் வெளிப்பட்டது. 1903 இல் சிறு கோயில் ஒன்று குடமுழுக்குக் கண்டது. 1948 இல் திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள் அதன் தலைமையை ஏற்று உழைத்தார்கள். 1960 இலும் 1976 இலும் குடமுழுக்கு விழாக்கள் நிகழ்ந்தன.

பின்னரும் சோதனை வந்தது. 1990 ஆம் ஆண்டில் போர் மூண்டெழ, மாதோட்டத்து மக்கள் ஊரை விட்டகன்றனர். கோயிலின் அயலெல்லாம் படைமுகாமாயிற்று. மன்னார்க் கரையிலிருந்து படகேறிய குடும்பங்கள் இராமேச்சரத்திலே கரையிறங்கி, மண்டபம் முகாமிலே தங்கின. பிள்ளையார் நின்று பாடிய அதே கடற்கரை! அன்று அவர் பக்திப் பெருக்கினால் அக்கரையிலிருந்து இக்கரையை நினைந்தார். இவர்களோ வீடிழந்து, உற்றாரை இழந்து நினைந்தனர். கோயிலுக்குச் செல்லும் வழி அடைபட்டபோது உள்ளத்தின் வழி ஒன்றே திறந்திருந்தது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். கருங்கல்லாலான புதிய ஆலயம் 2022 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே குடமுழுக்குக் கண்டது.

அப்படியாயின் மனக்கோயில் ஒன்றே போதாதோ, கற்கோயில் எதற்கு என்று சில இளைஞர் வினவலாம். வினா நியாயமானதே. மனக்கோயில் உலகினின்றும் ஓடி ஒளியும் குகையன்று. நாவலர் கருத்திலே கேதீச்சரம் நின்றதனாலன்றோ அவர் வாளா இராது எழுந்து பேசினார்? உண்மையான அமைதி மனிதனைச் சோம்பலில் ஆழ்த்தாது. செய்யவேண்டியதைப் பதற்றமின்றிச் செய்யும் ஆற்றலைத் தரும். உள்ளே கட்டத் தெரிந்தவனே வெளியேயும் கட்டுவான்.

இச்சாதனை கடினமானதன்று. வைகறையிலோ மாலையிலோ முதுகு நிமிர்ந்து அமர்க. மூச்சை மெல்ல உள்வாங்கி, அதனினும் மெதுவாக வெளிவிடுக. மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்புச் சற்றே தணிகின்றது என்பதை இக்கால உடலியலாரும் ஒப்புவர். பின்னர்க் கண்மூடிப் பாலாவிக் கரையிலே நிற்பதாக நினைக்க. நீரின் குளிர்ச்சி காலிற் படட்டும். கோபுரம், கொடிமரம், நந்தி என ஒவ்வொன்றாகக் காண்க, அவசரம் வேண்டாம். சிவராத்திரியிலே அடியார்கள் செய்வதுபோல், ஒரு குடம் பாலாவி நீரை மொண்டுவந்து மகாலிங்கத்துக்கு உங்கள் கையாலேயே ஆட்டுக. திருவைந்தெழுத்தை மெல்ல நினைக்க. இடையே மனம் ஓடும், ஓடட்டும். சினவாது மீண்டும் அழைத்து வந்து, விட்ட இடத்திலே நிறுத்துக. பத்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். போர் தந்த பெருந்துயரால் உறக்கமும் உணவும் இழந்தோர் இதனோடு மருத்துவர் துணையையும் நாடுதல் வேண்டும். அது பக்திக்கு இழுக்காகாது.

முதியோர்களே, நீங்கள் கண்ட பழைய கேதீச்சரத்தை, அதன் மரநிழலை, மடங்களை, திருவிழாவை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் மனக்கோயிலுக்கு அவையே கற்களாகும். இளைஞர்காள், அக்கற்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குங்கள். பாலாவிக் கரைக்குப் போகக்கூடிய நாளிலே போய் வணங்குங்கள். போகவியலாத நாளிலே இருந்த இடத்திலிருந்தே வணங்குங்கள். இரண்டுக்கும் வழிகாட்டிச் சென்றோர் நமக்கு உளர்.