1951 எப்படி 1939 ஆனது?

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா மகன் கம்பத்திலிருந்து போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "ஏன்டா தம்பி, தாத்தா 1939-லயே செத்துட்டாருன்னு போட்டிருக்க. எங்கப்பா பொறந்ததே 44-ல. அப்ப நாங்கள்லாம் யாருடா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. பூர்வீக நிலத்தின் கூட்டுப் பட்டாவைப் பிரிக்க மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்கு வாரிசு என்று விளக்க, எங்கள் குடும்ப மரத் தளத்திலிருந்து ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தத் தளம் நான் செய்தது. பங்காளிகள் நாற்பது பேர் அதில் எழுதுகிறார்கள்: கம்பம், கூடலூர், சின்னமனூர், திருப்பூர், சிங்கப்பூர். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு அடியில் குறிப்புகள். தாத்தாவின் பக்கத்தில் 1951 என்றுதான் அத்தை சொல்ல, நானே என் கையால் தட்டியிருந்தேன். யாரும் அதைத் திருத்தவில்லை. மாறியது குறிப்புகளை வடிவமைக்கும் முறை மட்டும்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி விக்கி முறையிலிருந்து மார்க்டவுன் முறைக்கு மாற்றினேன்.

தாத்தாவின் குறிப்பு இப்படி இருந்தது:

1937. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்.

1943. திரும்பி வந்து ரெண்டு குழி நிலம் வாங்கினார்.

1951. இறப்பு.

எண், புள்ளி, இடைவெளி. மார்க்டவுனுக்கு இது வருஷம் இல்லை, எண்ணிட்ட பட்டியல். இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் காமன்மார்க் விதிப்படி முதல் எண்ணை மட்டும்தான் அது மதிக்கும். அடுத்து வருகிற எண்ணை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே வரிசையாக எண்ணிக்கொள்ளும். 1937, 1938, 1939. தாத்தா பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேவலம் என்னவென்றால், இது எல்லாருக்கும் தெரிந்த குழி. மார்க்டவுனை 2004-ல் வெளியிட்ட ஜான் க்ரூபரே தன் விளக்கப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறார்: ஒரு வரி வருஷமும் புள்ளியுமாக ஆரம்பித்தால் பட்டியலாகிவிடும், புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போடுங்கள் என்று. இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறவன் நான். அந்தப் பத்தியைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். குடும்ப வரலாற்றில் பாதி வரிகள் வருஷத்தில்தான் ஆரம்பிக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

பட்டா மனுவை ஒருவழியாக நிறுத்திவிட்டு, நமக்கு முன்னால் யாரெல்லாம் இந்தக் குழியில் விழுந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் ஏட்டுச்சுவடி வரைக்கும் போய்விட்டது.

ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வித்தியாசம் கிடையாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பத்தி இல்லை. இதில் மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே ஆரம்பிக்கிறது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்பதை வாசிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது செய்த வேலையில் பெரும்பகுதி இந்தப் பிரித்தல்தான். இன்றைய பாஷையில் சொன்னால், ஃபார்மேட்டே இல்லாத உரையை ஃபார்மேட் உள்ள உரையாக மாற்றுவது. ஒரு வித்தியாசம், அவர் ஒவ்வொரு வரியையும் வாசித்து மாற்றினார். நான் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது மெக்கன்சி தொகுப்பு. காலின் மெக்கன்சி 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர், 1821-ல் இறந்தார். அவரிடம் வேலை பார்த்த காவலி வெங்கட போரையா, 1803-ல் அவர் இறந்த பிறகு தம்பி லட்சுமையா, அவர்களோடு இருந்த உள்ளூர் ஆட்கள், எல்லாரும் ஊர் ஊராகப் போய் ஓலை, கல்வெட்டு, செவிவழிச் செய்தி என்று சேகரித்தார்கள். அதில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் ஒரு தனி வகை. சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் பின்னால் இவற்றில் சிலவற்றைப் 'பாளையப்பட்டுக்களின் வம்சாவளி' என்ற பெயரில் அச்சிட்டது.

எங்கள் பக்கத்து போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் மாதிரி பாளையங்களுக்கு வம்சாவளி என்பது பொழுதுபோக்கு இல்லை. கம்பெனி ஆட்சி வந்ததும் யாருக்கு எந்த நிலம் என்ற கேள்வி வந்தது. முப்பாட்டனுக்கு எந்த ராஜா என்ன கொடுத்தார் என்று எழுதி வைப்பது உரிமைப் பத்திரம் மாதிரி. நம் அண்ணன் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அதே காரியம்தானே.

அந்தக் காலத்து எழுத்தில் காலத்தைக் குறிக்க ஒரு சுருக்க முறை இருந்தது. வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸. பழைய பத்திரம் வைத்திருக்கிற வீட்டில் எல்லாம் இவற்றைப் பார்க்கலாம். 2003-ல் வந்த யுனிகோட் 4.0-ல் இவை சேர்க்கப்பட்டன. "ஈஸ்வர ௵" என்று இருந்தால் அது 1937 ஆகலாம், அறுபது வருஷம் பின்னால் போய் 1877-ம் ஆகலாம். தாது வருஷப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் அது. எந்த ஈஸ்வர என்பதைச் சுற்றியுள்ள வரிகள்தான் சொல்லும். ௸ இன்னும் மோசம். மேலே இருக்கிற வரி இடம் மாறினால் 'மேற்படி' வேறு ஆளைக் காட்டும்.

இதே சிக்கல் கணினிக்கு வந்தபோது நடந்த கதை சுவாரசியமானது. குடும்ப மரத் தகவலைப் பரிமாற உலகம் பூராவும் பயன்படுகிற ஜெட்காம் என்ற கோப்பு முறையை, அமெரிக்காவின் மார்மன் சபை 1984-ல் உருவாக்கியது. அதில் ஒரு வரி 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. நீளமான குறிப்பை உடைத்து எழுத ரெண்டு குறிகள்: புது வரி என்றால் 'கான்ட்', அதே வரியின் தொடர்ச்சி என்றால் 'கான்க்'. வரி முனையில் இருக்கும் இடைவெளியைச் சில மென்பொருள்கள் தின்றுவிடும் என்பதால், சொல்லின் நடுவிலேயே உடைக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ் யுடிஎஃப்-8-ல் ஒரு குறிக்கு மூன்று பைட். 'கம்பம்' என்ற நாலு எழுத்துக்கு 18 பைட். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டினால், மகரம் ஒரு வரியில், அதன் புள்ளி அடுத்த வரியில். அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஒரு எழுத்தே ரெண்டு துண்டாகி இரு பக்கமும் கேள்விக்குறி. 1996-ல் வந்த 5.5 பதிப்பு வழக்கமாக எதிர்பார்த்த ஆன்செல் குறியேற்றத்தில் தமிழுக்கு இடமே இல்லை என்பது தனிக்கதை.

2021-ல் வந்த 7.0 பதிப்பில் யுடிஎஃப்-8 கட்டாயமானது, 'கான்க்' போனது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு குறிப்பும் தான் வெறும் உரையா, எச்.டி.எம்.எல்.லா என்று தானே சொல்லிக்கொள்ளலாம். எந்த முறையில் எழுதப்பட்டது என்பதும் குறிப்போடு சேர்ந்தே பயணிக்கும்.

விக்கி முறைக்கு வார்ட் கன்னிங்காம் 1995-ல் தொடங்கிய தளம்தான் மூலம். அங்கிருந்து விக்கிபீடியா, 2008-ல் விக்கிட்ரீ என்று குடும்ப மரத்துக்கும் வந்தது. அதில் வரி ஆரம்பத்தில் # போட்டால் எண்ணிட்ட பட்டியல். மார்க்டவுனில் அதே # பெரிய தலைப்பு. எங்கள் தளத்தில் ஒரு சித்தப்பா தன் ஏழு பிள்ளைகளை # போட்டு வரிசையாக எழுதியிருந்தார். மாற்றிய மறுநாள் ஏழு பேரும் சினிமா போஸ்டர் சைசுக்கு வந்துவிட்டார்கள். அதை யாரும் புகார் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மார்க்டவுனில் சாய்வெழுத்துக்கு அடிக்கோடு போடலாம். ஆனால் மூடும் அடிக்கோட்டை ஒட்டி எழுத்து வந்தால் காமன்மார்க் அதை மூடலாக ஏற்காது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் இடைவெளி விட்டு அடுத்த சொல் வரும். நாம் பெயரோடு 'இன்', 'ஐ', 'உக்கு' என்று ஒட்டவைத்துத்தானே எழுதுகிறோம். நட்சத்திரக் குறி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கடைசியில் என்ன செய்தேன்? பழைய பேக்கப்பை எடுத்து, மாற்றத்துக்கு முந்தைய மூலத்தை அப்படியே திருப்பி வைத்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் 'எந்த முறை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பழையது விக்கியாகவே இருக்கும், புதிதாக எழுதுகிறவர்களுக்கு மட்டும் மார்க்டவுன். வருஷத்தில் ஆரம்பிக்கும் வரிகளைத் தேடியதில் 23 பக்கங்கள் சிக்கின. அதில் மூன்று பேர் பிறப்பதற்கு முன்னாலேயே கல்யாணம் செய்திருந்தார்கள்.

சரிசெய்த பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது. "இப்ப சரியா இருக்குடா. 51, கர வருஷம். ஆனா மாசம் போடலையே, ஐப்பசியா கார்த்திகையா?" அது எனக்குத் தெரியாது. சின்னமனூர் அத்தையைத்தான் கேட்க வேண்டும்.