திரும்பச் சேர்ப்பதன் நிபந்தனைகள்: அரசு ஊழியர் வேலைநிறுத்தங்களும் அரசின் உத்திகளும், 1960–2021

அரசு ஊழியர் வேலைநிறுத்தங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கோரிக்கையில் தொடங்கித் தடைச்சட்டத்தில் முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிந்தைய கட்டத்தை, அதாவது வேலைக்குத் திரும்பியவர்களை அரசு எந்த நிபந்தனையின் பேரில் சேர்த்துக்கொண்டது என்பதை, இக்கட்டுரை பார்க்கிறது. தடைச்சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடுத்ததைவிட, திரும்புவோரிடம் பேரம் பேச அரசுக்குப் பயன்பட்டதே அதிகம் என்பது என் வாதம்.

சுதந்திர இந்தியாவில் இதன் முதல் பெரிய வடிவம் 1960இல் தெரிந்தது. இரண்டாம் ஊதியக்குழுவின் பரிந்துரைகள் மத்திய அரசு ஊழியர்களை ஏமாற்றின. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்தைத் தங்களுக்கும் தரவேண்டும் என்றார்கள். ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கவிருந்த வேலைநிறுத்தத்தை, முன்கூட்டியே பிறப்பித்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் சட்டவிரோதமாக்கியது. ஆனாலும் தபால், தந்தி, ரயில் ஊழியர்கள் இறங்கினார்கள்; ஐந்தே நாளில் போராட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் சங்கங்களின் அங்கீகாரத்தை அரசு ரத்து செய்தது. அவசரச் சட்டம் நிலையானதல்ல, காலாவதியாகிவிடும். அங்கீகாரம் பறிபோன சங்கமோ அதிகாரியிடம் மனுக்கொடுக்கவும் உரிமையற்று நிற்கும். 1966இல் வந்த கூட்டு ஆலோசனை அமைப்பு, பேச்சுவார்த்தைக்கும் நடுவர் தீர்ப்புக்கும் வழிவிட்டது. ஆனால் அதே குறைந்தபட்ச ஊதியக் கோரிக்கையை நடுவருக்கு அனுப்ப அரசு மறுத்ததால்தான் 1968 செப்டம்பர் 19இல் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. மீண்டும் அவசரச் சட்டம், பின்னர் அதுவே சட்டம்.

1974 ரயில்வே வேலைநிறுத்தம் அளவில் வேறு ரகம். சுமார் 17 லட்சம் தொழிலாளர்களைக் கொண்ட துறை அது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, மே 2 அன்று ரயில்வே தொழிலாளர்களின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். மே 8இல் தொடங்கிய போராட்டம் மூன்று வாரத்தில் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறையில், பலர் வேலையிழந்தனர், குடும்பங்கள் ரயில்வே குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டன. வேலைக்குத் திரும்பியவர்களையும் ‘பணி முறிவு’ என்ற நிர்வாகச் சொல் தொடர்ந்தது. பணிப்பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறினால், முந்தைய ஆண்டுகளின் சேவை ஓய்வூதியக் கணக்கில் கேள்விக்குள்ளாகும். 1977இல் ஜனதா அரசு, நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்தது. போராட்டத்தின் முக்கியக் கோரிக்கையான போனஸ், உற்பத்தித்திறனோடு இணைந்ததாக 1979இல் கிடைத்தது. தோற்ற போராட்டத்தின் கோரிக்கை ஆட்சி மாறிய பிறகு நிறைவேறியது. இது நமது அரசியலில் புதிதல்ல.

தமிழ்நாட்டில் 2003இல் நடந்தது இந்த வரலாற்றின் உச்சம். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஓய்வூதியச் சலுகைகள், விடுப்பு ஒப்படைப்பு, போனஸ் ஆகியவற்றில் ஜெயலலிதா அரசு கைவைத்தது. ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. டெஸ்மா எனப்படும் 2002ஆம் ஆண்டின் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் கையில் இருந்தும் அது போதாதென்று, ஜூலை 4இல் அவசரச் சட்டம் ஒன்று வந்தது. துறை விசாரணை, குற்றச்சாட்டுக் குறிப்பாணை எதுவுமின்றி வேலையைப் பறிக்க அது வழிவகுத்தது. சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாக நீக்கப்பட்டனர். காலியான மேசைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இளநிலை உதவியாளர்கள் எடுக்கப்பட்டனர். தற்காலிக நியமன விதியின் எண்ணைக் கொண்டு, அரசு அலுவலகங்களில் அவர்களை ‘10 (அ) (1)’ பணியாளர்கள் என்றே சொல்வார்கள். வேலைநிறுத்தத்தை முறிக்க வந்தவர்கள், பின்னாளில் தங்கள் பணியை முறைப்படுத்தச் சொல்லி அதே அரசிடம் மனுக்கொடுத்து நின்றார்கள்.

நீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. அப்போது அத்தீர்ப்பாயத்தில் இருந்தது ஒரே ஓர் உறுப்பினர்! இத்தனை பேரின் வழக்கை அங்கே தீர்க்க இயலாது என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 2003 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அளித்த தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. உரிமை பற்றிய அந்த வாசகம் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. ஊழியர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது வேறொன்று. கைதான சுமார் 2,200 பேரும் முதல் தகவல் அறிக்கையில் பெயருள்ளவர்களும் நீங்கலாக மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வதாக அரசு நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. அதற்கு நிபந்தனை இரண்டு: நிபந்தனையற்ற மன்னிப்பு, வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழி. பெரும்பாலானோரை அலுவலகத்துக்குள் விட்டது அந்த மன்னிப்புக் கடிதம்தான். சட்டம் செய்த மிரட்டலைக் காட்டிலும் இந்த அவமானமே ஊழியர்களின் நினைவில் தங்கியது என்பது என் கணிப்பு. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சி ஓரிடமும் வெல்லாத நிலையில், மே மாதத்திலேயே பல நடவடிக்கைகளை ஜெயலலிதா திரும்பப் பெற்றார்.

ஒன்று மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 6.8.2003 தேதியிட்ட நிதித்துறை அரசாணை எண் 259, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்று தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோரை அது தொடவில்லை; அடுத்த தலைமுறையைத் தொட்டது.

2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை அத்திட்டத்தை ரத்து செய்வதே. இம்முறை அரசு ஒட்டுமொத்தப் பணிநீக்கத்துக்குப் போகவில்லை. 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள், நிர்வாகிகள் கைது, தற்காலிகப் பணிநீக்கம், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 (ஆ) குறிப்பாணை, ‘வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை’ என்ற சுற்றறிக்கை ஆகியவற்றையே கையாண்டது. அரையாண்டு விடுமுறை முடிந்து பொதுத்தேர்வு நெருங்கிய நேரம் என்பதால் பெற்றோரின் கவலையும் அரசுக்குத் துணைநின்றது. கோரிக்கை நிறைவேறாமலே போராட்டம் முடிந்தது. 2021இல் வந்த அரசு, அந்த நாள்களைப் பணிக்காலமாக முறைப்படுத்துவதாக அறிவித்தது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை அந்த ஆண்டில் அது ரத்து செய்யவில்லை.