எபனி ஒயிட்: சிரிப்புக்காக வரைந்த ஒரு முகம்

வில் ஐஸ்னரின் 'த ஸ்பிரிட்' காமிக்ஸை முதல் தடவை படித்தபோது எபனி ஒயிட்டைப் பார்த்து நானும் சிரித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாலைந்து கதைகள் தாண்டிய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அதே பக்கத்தில் மற்ற எல்லோருக்கும் மனித முகம் இருக்கிறது. இவனுக்கு மட்டும் முட்டைக் கண், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் உதடு, கொச்சையான ஆங்கிலம். ஒரே ஓவியர், ஒரே பேனா. அப்படியானால் இந்த ஒரு முகம் மட்டும் ஏன் வேறு மாதிரி?

ஐஸ்னர் யாரென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1917-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். காமிக்ஸ் உலகில் இன்று வழங்கப்படும் மிக மதிப்பான விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1940 ஜூன் 2-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களோடு இணைப்பாக 16 பக்கப் புத்தகம் ஒன்று வர ஆரம்பித்தது. அதன் முதல் கதை 'த ஸ்பிரிட்'. உச்சத்தில் சுமார் 20 நாளிதழ்கள், 50 லட்சம் பிரதிகள் என்று சொல்வார்கள். அதாவது கடையில் காசு கொடுத்து காமிக்ஸ் வாங்காத வீடுகளுக்கும் எபனியின் முகம் போய்ச் சேர்ந்தது.

கதாநாயகன் டென்னி கோல்ட். செத்துவிட்டதாக ஊர் நம்பும் துப்பறிவாளன், கல்லறைத் தோட்டத்துக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறான். சூப்பர் சக்தி எதுவும் கிடையாது. சூப்பர்மேன் சக்கைப்போடு போட்ட காலம் என்பதால் பதிப்பாளர் தரப்பு ஏதாவது வேஷம் வேண்டும் என்று கேட்க, ஐஸ்னர் ஒரு கண்மூடியையும் கையுறையையும் மாட்டி விட்டார். அவ்வளவுதான் அவன் 'சூப்பர்ஹீரோத்தனம்'.

எபனி முதல் கதையிலேயே வந்துவிடுகிறான், டாக்சி ஓட்டுநராக. பிறகு ஸ்பிரிட்டின் உதவியாளன் ஆகிறான். போகப் போக வயது குறைந்து சிறுவன் ஆகிவிடுகிறான். பெயரே ஒரு கிண்டல்தான்: எபனி என்றால் கருங்காலி, ஒயிட் என்றால் வெள்ளை.

இப்படி ஒரு துணைப் பாத்திரம் எதற்கு? கதை எழுதுபவன் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் எளிது. ஏழெட்டுப் பக்கத்தில் ஒரு துப்பறியும் கதை முடிய வேண்டும். நாயகன் தன் யோசனையை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால்தான் வாசகனுக்குப் புரியும். நாயகன் பயப்படக்கூடாது, ஆனால் ஆபத்து பெரியது என்று காட்ட யாராவது நடுங்கியாக வேண்டும். இறுக்கத்துக்கு நடுவே மூச்சுவிட ஒரு சிரிப்பும் வேண்டும். மூன்று வேலைக்கும் ஒரே ஆள். அதனால்தான் அந்தக் கால காமிக்ஸ் முழுக்க இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பிளாஸ்டிக் மேனுக்கு வூசி விங்ஸ், கிரீன் லான்டர்னுக்கு டாய்பி டிக்கிள்ஸ். இவர்கள் வெள்ளையர்கள். குண்டு, அசடு, விசித்திரமான உச்சரிப்பு என்று ஆளுக்கு ஒரு கோமாளித்தனம்.

கறுப்பினப் பாத்திரம் என்றால் மட்டும் கோமாளித்தனத்தைப் புதிதாக யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது தயாராகக் கையில் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் 'மின்ஸ்ட்ரெல்' மேடை நிகழ்ச்சிகள் பிரபலம். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பர்களைப் போலப் பேசி ஆடுவார்கள். எபனியின் உதடும் பேச்சும் அங்கிருந்து வந்தவை. ஐஸ்னர் கறுப்பர் ஒருவரைப் பார்த்து வரையவில்லை, கரி பூசிய ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து வரைந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எபனி வெறும் எடுபிடி இல்லை. ஸ்பிரிட்டைப் பல தடவை காப்பாற்றுகிறான். அவனை மையமாக வைத்த கதைகளே உண்டு. அவற்றில் அவனுக்கு ரோஷம், காதல், தனிமை எல்லாம் இருக்கிறது. பின்னால் ஐஸ்னர் கிரே என்ற கறுப்பினத் துப்பறிவாளர் ஒருவரையும் கொண்டு வந்தார். அவர் முகமும் இயல்பு, பேச்சும் இயல்பு. 1940-களின் இறுதியில் எபனியின் இடத்துக்கு சாமி என்ற வெள்ளைக்காரச் சிறுவன் வர, எபனி மெல்ல ஓரங்கட்டப்பட்டான். 1952 அக்டோபரில் தொடரே நின்றது.

பிற்காலத்தில் கேட்டவர்களிடம் ஐஸ்னர் பெரிதாக மன்னிப்புக் கேட்கவில்லை. கொச்சை ஆங்கிலமும் உடல் தோற்றமும்தான் அன்று நகைச்சுவையாக இருந்தது, நான் என் காலத்து ஆள் என்பதுதான் அவர் பதிலின் சாரம். "அந்தக் காலம் அப்படி" என்று நாமும் சொல்லும் அதே பதில். நானும் இதை ரொம்ப நாள் ஏற்றுக்கொண்டிருந்தேன், ஸ்டீம்போட்டின் கதையைப் படிக்கும் வரை.

ஸ்டீம்போட், ஃபாசெட் நிறுவனத்தின் 'கேப்டன் மார்வெல்' காமிக்ஸில் வந்த பாத்திரம். (இன்று 'ஷாசாம்' என்று அழைக்கப்படுகிறாரே, அவர்தான் அந்த கேப்டன் மார்வெல்.) 1942-ல் அறிமுகம். நாயகன் பில்லி பேட்சனின் வேலையாள். எபனியைவிட மோசமான கேலிச்சித்திரம், எபனிக்கு இருந்த ஆழமும் கிடையாது. அந்தக் காமிக்ஸோ அன்று அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று.

1945-ல் நியூயார்க் பள்ளி மாணவர்கள் சிலர், யூத்பில்டர்ஸ் என்ற அமைப்பின் மூலம், ஃபாசெட் அலுவலகத்துக்கே நேரில் போனார்கள். ஆசிரியர் வில் லீபர்சனைப் பார்த்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எங்கள் காமிக்ஸில் எல்லா விதமான ஆட்களையும்தான் கேலியாக வரைகிறோம் என்றார் அவர். வெள்ளைக்காரர்கள் பல விதமாக வருகிறார்கள், கறுப்பர் மட்டும் இந்த ஒரே விதமாகத்தான் வருகிறார் என்று பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஸ்டீம்போட்டின் படத்தைப் பெரிதாக்கிக் கையோடு கொண்டுபோயிருந்த ஒரு மாணவர், இது எங்கள் இனமல்ல, ஆனால் உங்கள் லட்சக்கணக்கான வாசகர்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்றார். ஸ்டீம்போட் அதோடு காணாமல் போனான்.

மொத்த வாதமும் அதில் அடங்கிவிட்டது. பிரச்சினை சிரிப்பில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. வூசி விங்ஸ் அசடு என்பதால் யாரும் வெள்ளையர்கள் எல்லோரும் அசடு என்று நினைக்கப் போவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் வேறு வெள்ளையர்கள் இருக்கிறார்கள். ஸ்டீம்போட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க 2000-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எபனி வாராவாரம் வந்துகொண்டிருந்த அதே 1945-ல், ஐஸ்னர் வாழ்ந்த அதே ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அது தெரிந்திருந்தது. "அந்தக் காலம்" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தானே கணக்கெடுக்க வேண்டும்?

கதையில் கடைசியாக ஒரு திருப்பம். 2003-ல், 86 வயதில், ஐஸ்னர் 'ஃபேகின் த ஜூ' என்ற காமிக்ஸ் நாவலை வெளியிட்டார். டிக்கன்ஸ் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் திருடர் தலைவன் ஃபேகினைத் திரும்பத் திரும்ப 'யூதன்' என்றே குறிப்பிட்டு ஒரு இனத்துக்கே அவப்பெயர் வாங்கித் தந்தார் என்பது ஐஸ்னரின் ஆதங்கம். அதே கதையை ஃபேகின் வாயால் சொல்ல வைக்கிறார். அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் எபனியைப் பற்றியும் அவரே பேசுகிறார். தன் இனத்துக்கு நடந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, தான் வரைந்த முகமும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது போல.

டிக்கன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1863-ல் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி கடிதம் எழுதிக் கண்டித்தார். டிக்கன்ஸ் முதலில் தன்னை நியாயப்படுத்தித்தான் பதில் எழுதினார். ஆனால் அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867 பதிப்பில் 'ஆலிவர் ட்விஸ்ட்' பின்பகுதியில் 'யூதன்' என்ற சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். எழுதி முடித்து முப்பது வருடம் கழித்து!

எபனிக்குப் பிறகு நடந்தது இரண்டு விதம். 2007-ல் டார்வின் குக் ஸ்பிரிட்டை மறுபடி வரைந்தபோது எபனியைத் துடிப்பான ஒரு நகரத்துப் பையனாக மாற்றினார். பெயரும் துறுதுறுப்பும் அப்படியே, முகம் மட்டும் மனித முகம். 2008-ல் ஃபிராங்க் மில்லர் எடுத்த படத்திலோ எபனியே கிடையாது. எனக்குக் குக் செய்ததுதான் பிடித்திருக்கிறது. துடைத்து எடுத்துவிட்டால் சங்கடம் தீரும், ஆனால் அந்தப் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது.

பழைய ஸ்பிரிட் கதைகளைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிச்சத்தையும் நிழலையும் ஐஸ்னர் கையாண்ட விதத்துக்காகவே படிக்கலாம். எபனி வரும் கட்டத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் முதல் தடவை அதைச் செய்யவில்லை.