கிணற்றுக்கும் குடலுக்கும் இடையில்: யாழ்ப்பாண நைத்திரேற்று ஆய்வில் விடுபட்ட ஒரு படி

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பற்றி எழுத வருபவர், 1987இல் திசாநாயக்கவும் வீரசூரியவும் எழுதிய கட்டுரையைத் தொடாமல் போவது அரிது. இலங்கையின் நிலத்தடி நீரிலுள்ள நைத்திரேற்றையும் மனிதப் புற்றுநோயையும் மருத்துவப் புவியிரசாயன நோக்கில் இணைத்த கட்டுரை அது. குடாநாட்டு நீரில் நைத்திரேற்று மிகுதி, புற்றுநோயும் மிகுதி, இரண்டுக்கும் தொடர்புண்டு என்பது அதன் போக்கு. பின்வந்தவர்கள் அதை உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு சேர்த்தே எடுத்தாண்டார்கள். இந்த வாசிப்பின் முற்பாதியை ஏற்கிறேன். பிற்பாதி வேறோர் உறுப்பில் போய் நின்றுவிட்டது என்பது என் கருத்து.

முற்பாதிக்கு, குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள உரும்பிராய் ஒன்றே சான்று. மேலே செம்பாட்டு மண், கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். தோட்டத்துக்கு இறைத்த நீரில் பயிர் குடித்தது போக மீதி, கரைந்த பசளையோடு கீழிறங்கி மறுபடி கிணற்றுக்கே வரும். குழை தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் வளமாக்கிய மண்ணுக்குப் பிறகு யூரியா வந்தது. துலா இருந்த இடத்தில் இறைப்பு இயந்திரம் வந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. வளவுக்குள்ளே மலசலகூடக் குழியும் குடிநீர்க் கிணறும் அருகருகே இருந்தன. நைத்திரேற்றை முதலில் ஏற்றியது குழியா யூரியாவா என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை. குழி முந்தியிருக்கலாம், யூரியா அதைப் பெருக்கியிருக்கலாம். பத்தாண்டுக் கணக்கில்கூட இதற்கு எல்லை வகுக்க நான் துணியவில்லை.

இங்கே ஒரு பாடபேதத்தில் சற்றுத் தங்க வேண்டும். 1983இல் மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டின் தெரிந்தெடுத்த சில இடங்களின் கிணற்று நீரையும் மண்ணையும் ஆராய்ந்த கட்டுரை, தலைப்பிலேயே ‘நைத்திரேற்று நைதரசன்’ என்கிறது. 1988இல் நாகராஜாவும் உடனாய்வாளரும் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளைப் பற்றி எழுதியதன் தலைப்பில் ‘நைத்திரேற்று மாசு’ என்று மட்டும் வருகிறது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நைத்திரேற்று அயனின் நிறை 62. அதற்குள் நைதரசன் 14 மட்டுமே. நைதரசனாக 10 மில்லிகிராம் என்று எழுதப்படும் நீர், அயனாக எழுதும்போது 44 மில்லிகிராம் ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் அயன், நைதரசனாக 11.3. அட்டவணையின் தலையிலிருந்து ஒரு சொல் உதிர்ந்தால் அதே கிணறு நாலரை மடங்கு நல்லதாகவோ கெட்டதாகவோ மாறிவிடும். எண்ணை எடுத்துக்கொண்டு அலகை விட்டுவிடும் மேற்கோளை நம்பி யாரும் வரைபடம் வரையக்கூடாது.

‘நைதரசன்’ என்ற இந்தச் சொல் எவ்வளவு கனமானது என்பதை டென்மார்க்கின் ஆய்வு காட்டுகிறது. 27 இலட்சம் பேரை 1978 முதல் 2011 வரை பதிவேடுகளின் வழி தொடர்ந்த அந்த ஆய்வு 2018இல் வெளியானது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 3.87 மில்லிகிராமைத் தாண்டியதுமே பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய் ஆபத்து கூடியதாக அது சொன்னது; 9.25க்கு மேல் குடித்தவர்களுக்கு, மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட 16 சதவீதம் அதிகம். இவை அயனாகச் சொன்ன எண்கள். நைதரசன் அட்டவணையில் வைத்துப் பார்ப்பவர் 0.87ஐத் தேட வேண்டும்.

நைத்திரேற்று தானாகவே புற்றுநோயைத் தருவதில்லை. குடித்ததில் ஏறக்குறையக் கால்வாசி இரத்தத்தின் வழி உமிழ்நீருக்குத் திரும்புகிறது; வாயிலுள்ள பற்றீரியாக்கள் அதில் ஒரு பங்கை நைத்திரைற்றாக்குகின்றன; அது அமீன்களோடு சேர்ந்தால் நைத்திரசோச் சேர்வைகள் பிறக்கும். அவ்வகைச் சேர்வை ஒன்று எலியின் ஈரலில் கட்டியை உண்டாக்குவதை மகியும் பார்ன்ஸும் 1956இலேயே காட்டினர். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வெளியிட்ட தீர்ப்பும், உடலுக்குள் இம்மாற்றம் நிகழும் சூழலில் மட்டுமே நைத்திரேற்று ‘பெரும்பாலும் புற்றுநோய் தரவல்லது’ என்கிறது. கிணற்றையும் நோயையும் நேராகக் கோடிழுத்து இணைக்கும் வாசிப்பில் இந்த நிபந்தனைக்கு இடமே இல்லை.

உணவுக்குழாயை எடுத்தால் வேறொரு சிக்கலும் உண்டு. புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அதே முகவரகம் 2004இல் உறுதிசெய்தது. வலிகாமத்தில் நன்றாகப் பசளையிட்டுப் புகையிலை வளர்த்தவர்களும் அதை மென்றவர்களும் ஒரே வீட்டார். ஊர்வாரி வரைபடத்தால் கிணற்றையும் வெற்றிலைத் தட்டத்தையும் பிரிக்க இயலாது. பெருங்குடலில் இந்தக் குழப்பம் பெரிதும் குறைவு. ஆகவே நைத்திரேற்றின் தடத்தை அங்கேதான் தேடியிருக்க வேண்டும்.

இனி வருவது என் வாதத்தின் மெலிந்த பகுதி. அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். சிலவகை ஈ. கோலை பற்றீரியா சுரக்கும் கொலிபக்ரின் என்ற நஞ்சு மரபணுவைச் சேதப்படுத்துகிறது. அது விட்டுச்செல்லும் தனித்த அடையாளம் 2020இல் மனிதப் பெருங்குடற் கட்டிகளில் இனங்காணப்பட்டது. அழற்சியுற்ற குடலில் நைத்திரேற்றைச் சுவாசித்தே ஈ. கோலை பெருகுகிறது என்பதை 2013இல் வின்ரரும் குழுவினரும் காட்டினர். குடிநீர் நைத்திரேற்றும் அவ்வாறே உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் அவர்கள் கண்ட நைத்திரேற்றை உடலே உண்டாக்குகிறது. குடித்ததில் பெரும்பங்கு சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. இந்த மறுப்பை நான் அறிவேன். டென்மார்க் ஆய்வும் தனியாள் உணவையும் புகைத்தலையும் அளக்கவில்லை. ஆயினும் குடிநீரிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு தொடர்பு தெரிகிறது. வழிநெடுகப் பற்றீரியா இருக்கிறது. கட்டியிலேயே அடையாளத்தைப் படிக்கக்கூடிய இக்காலத்தில், வரைபடத்தின் மேல் வரைபடத்தை வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல.

அந்த வரைபடமும் 1995 ஒக்டோபர் 30இல் கலைந்தது. போரால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தது. 1996இல் திரும்பியவர்கள் பலர், திரும்பாதவர்களும் பலர். 1970களில் உரும்பிராயில் குழந்தையாக இருந்து அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர், இன்று ரொறன்ரோவில் பெருங்குடற் கட்டியோடு மருத்துவமனைக்குப் போனால் அங்குள்ள பதிவேட்டில் கனடியராகவே எண்ணப்படுவார். எந்த ஊர், யார் வளவுக் கிணறு, எத்தனை வயதுவரை என்று அவரிடம் கேட்பவர் இல்லை.